செறிபொருள் இயற்பியலின் ஓயாத வாதங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஷ்ரோடிங்கர் சமன்பாடு 1926-லேயே வந்துவிட்டது. பிறகு வாதிட என்ன இருக்கிறது?

செறிபொருள் இயற்பியல் ஆராய்வது ஏராளமான அணுக்கள் நெருங்கிச் சேர்ந்த திடப்பொருள், திரவம் போன்றவற்றை. செப்புக் கம்பி, காந்தம், உப்புக்கல், எதை எடுத்தாலும் உள்ளே இருப்பவை அணுக்கருக்களும் எலக்ட்ரான்களும்தான். அவை ஒன்றையொன்று ஈர்ப்பதும் விலக்குவதும் மின்விசையால். எப்படி நடந்துகொள்ளும் என்பதற்குச் சமன்பாடு இருக்கிறது. இதுவரை எல்லோரும் ஒத்துப்போகிறார்கள்.

ஆனால் ஒரு கன சென்டிமீட்டர் செம்பில் மின்னோட்டத்தைச் சுமக்கும் எலக்ட்ரான்கள் மட்டுமே சுமார் 8.5 × 10²². ஒவ்வொன்றும் மற்ற எல்லாவற்றோடும் மல்லுக்கு நிற்கிறது. சமன்பாட்டை எழுதிவிடலாம், தீர்க்க முடியாது. அதனால் எதைத் தூக்கிப் போடலாம், எதை வைத்துக்கொள்ள வேண்டும் என்று தேர்ந்து, பொருளுக்குத் தகுந்த ஒரு சிறிய மாதிரியைக் கட்டுகிறார்கள். முதல் வகைச் சண்டை இந்தத் தேர்வைப் பற்றியது.

இரண்டாம் வகை இன்னும் சுவாரசியமானது. ஒரு புதிய நிலை இருந்தால் கருவியில் இப்படி ஒரு குறி தெரியும் என்று கோட்பாடு சொல்லும். குறியும் தெரிந்துவிடும். ஆனால் அதே குறியைச் சாதாரணமான வேறொரு காரணமும் உண்டாக்கியிருக்கலாமே? கடந்த இருபது ஆண்டுகளில் இந்தத் துறையைச் சூடாக்கிய வாதங்களில் பெரும்பகுதி இந்த ரகம்தான் என்பது என் கணிப்பு.

அடிப்படை விதி தெரிந்தால் மற்றதெல்லாம் வெறும் கணக்குதான் என்கிறார்களே, சரியா?

இதை மறுத்துத்தான் செறிபொருள் இயற்பியலர் பிலிப் ஆண்டர்சன் 1972-இல் 'சயன்ஸ்' இதழில் நான்கு பக்கக் கட்டுரை ஒன்றை எழுதினார். துகள்கள் ஏராளமாகச் சேரும்போது புதிய நடத்தை பிறக்கிறது, அதற்கான விதிகளை அந்த மட்டத்திலேயே தேட வேண்டும் என்பது அவர் கட்சி. துகள் இயற்பியலர் ஸ்டீவன் வைன்பெர்க் எதிர்த்தரப்பு: 'ஏன்' என்று கேட்டுக்கொண்டே போனால் கடைசியில் கீழ்மட்ட விதிகளிடம்தான் போய் நிற்போம் என்றார். இது தத்துவச் சண்டையாக மட்டும் நிற்கவில்லை. டெக்சாஸில் கட்டத் தொடங்கியிருந்த மாபெரும் துகள் முடுக்கிக்கு அமெரிக்க நாடாளுமன்றக் குழுக்கள் முன் வைன்பெர்க் ஆதரவாகவும் ஆண்டர்சன் எதிராகவும் பேசினார்கள். 1993-இல் திட்டம் கைவிடப்பட்டது.

என்னைக் கேட்டால் ஆண்டர்சன் பக்கம் வலுவான சாட்சி 1980-இல் கிளவுஸ் ஃபான் கிளிட்சிங் கண்ட குவாண்டம் ஹால் விளைவு. கடுங்குளிர், வலுவான காந்தப்புலம், அதில் மாசும் குறையும் உள்ள ஒரு சிலிக்கான் சில்லு. அதன் ஹால் மின்தடை, அதாவது மின்னோட்டத்துக்குக் குறுக்கே அளக்கும் மின்தடை, 25,812.807 ஓம் என்ற எண்ணை 1, 2, 3 என்று முழு எண்களால் வகுத்தால் வரும் மதிப்புகளில் அப்படியே நிலைகுத்தி நிற்கிறது. சில்லின் வடிவம் மாறினாலும், பொருளே மாறினாலும் அதே எண். அந்த முழு எண் அலைச்சார்பின் (எலக்ட்ரான்களின் நிலையை விவரிக்கும் அலையின்) டோபாலஜியிலிருந்து, அதாவது நெளித்தாலும் மாறாத வடிவப் பண்பிலிருந்து, வருகிறது என்று டேவிட் தௌலெஸும் அவர் சகாக்களும் 1982-இல் காட்டினார்கள். அணுக்களின் விவரங்களை எவ்வளவு துருவினாலும் அந்த எண்ணுக்கான காரணம் அங்கே அகப்படாது.

பாடப்புத்தகத்தில் வரும் பட்டைக் கோட்பாடு போதாதா?

எலக்ட்ரான்களுக்குக் கிடைக்கும் ஆற்றல்கள் பட்டை பட்டையாக அமையும், பாதி நிரம்பிய பட்டை இருந்தால் பொருள் மின்சாரத்தைக் கடத்தும் என்பது அந்தக் கோட்பாடு. சிலிக்கான், அலுமினியம், செம்பு வரை பிரமாதமாக வேலை செய்யும். நிக்கல் ஆக்சைடில் வழுக்கும். பட்டைகளை எண்ணிப் பார்த்தால் அது உலோகமாக இருக்க வேண்டும், ஆனால் மின்சாரத்தைக் கடத்தவே கடத்தாது. 1937-லேயே டி போயர், ஃபெர்வே இருவரும் இதைச் சுட்டிக்காட்டினார்கள். எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று விலக்கும் விசையால் ஒவ்வொன்றும் தன் அணுவிலேயே முடங்கிவிடுகிறது என்று நெவில் மோட் விளக்கினார். இப்படிப்பட்டவற்றை மோட் மின்காப்பிகள் என்கிறோம். இதை நினைவில் வையுங்கள், அடுத்த கேள்விக்கு வேண்டும்.

உயர்வெப்பநிலை மீக்கடத்துகையில் அப்படி என்ன தீராத வழக்கு?

மீக்கடத்துகையை, அதாவது மின்தடையே இல்லாமல் மின்னோட்டம் ஓடுவதை, 1911-இல் லைடன் நகரில் கேமர்லிங் ஓன்னஸ் பாதரசத்தில் கண்டார், 4.2 கெல்வினில். காரணம் தெரிய 1957 ஆயிற்று. பார்டீன், கூப்பர், ஷ்ரீஃபர் மூவரும் தந்த விடை: படிகத்தின் அதிர்வுகள் வழியாக எலக்ட்ரான்கள் மெல்லிய ஈர்ப்பைப் பெற்று இணைகளாகச் சேர்கின்றன, அந்த இணைகள் எல்லாம் ஒரே அலையாக நகர்கின்றன. அணுவின் நிறை கூடினால் மீக்கடத்துகை தொடங்கும் வெப்பநிலை குறைகிறது என்று 1950-இலேயே பார்த்திருந்தார்கள். அதிர்வுக்கும் இதற்கும் தொடர்பு உண்டு என்பதற்கு அது நல்ல தடயம்.

1986-இல் ஸூரிக் அருகே ஐபிஎம் ஆய்வகத்தில் பெட்நோர்ஸும் ம்யூலரும் ஒரு செப்பு ஆக்சைடில் 30 கெல்வினைத் தாண்டினார்கள். அடுத்த ஆண்டே இன்னொரு செப்பு ஆக்சைடு 93 கெல்வினைத் தொட்டது, அதாவது திரவ நைட்ரஜனின் 77 கெல்வினுக்கும் மேலே. 1993-இல் பாதரசம் கலந்த வகையில் சுமார் 133 கெல்வின். இவற்றின் தாய்ப்பொருள் மோசமான உலோகம்கூடக் கிடையாது. அது மோட் மின்காப்பி! கொஞ்சம் எலக்ட்ரான்களை உருவினால் அதே பொருள் மீக்கடத்தியாகிவிடுகிறது.

இணைகள் உண்டு என்பதில் சண்டை இல்லை. அவற்றைச் சேர்ப்பது எது என்பதில்தான். ஆண்டர்சன் 1987-இல் சொன்னது: தாய்ப்பொருளில் எலக்ட்ரான்களின் ஸ்பின்கள் (ஒவ்வொரு எலக்ட்ரானும் சுமக்கும் சிறு காந்தத்தன்மை) ஏற்கெனவே ஜோடி ஜோடியாகக் கைகோத்திருக்கின்றன, இடம் கொடுத்ததும் அந்த ஜோடிகளே மின்னோட்டமாகின்றன. பாஸ்கரன், ஸோ இருவரோடும் சேர்ந்து அவர் அதைக் கணித வடிவில் வளர்த்தார். டக்ளஸ் ஸ்கலபினோ, டேவிட் பைன்ஸ் போன்றோர் காந்த ஏற்ற இறக்கங்கள்தான் பசையாக நின்று ஒட்டுகின்றன என்றார்கள். பசை என்றே ஒன்று தேவையில்லை, விலக்குவிசையே உடனடியாக அந்த வேலையைச் செய்கிறது என்று ஆண்டர்சன் 2007-இல் திருப்பி எழுதினார். படிக அதிர்வுகளுக்கும் பங்கு உண்டு என்று மூன்றாவது அணி ஒன்று இன்றுவரை விட்டுக்கொடுக்கவில்லை.

நாற்பது ஆண்டில் ஒன்றுகூட முடிவாகவில்லையா?

முடிவானது ஒன்று உண்டு, அது முடிவான விதமே அழகு. இணையின் அலைச்சார்பு எல்லாத் திசையிலும் ஒரே குறியில் இருக்கிறதா, அல்லது நான்கு இதழ்களாகப் பிரிந்து கூட்டல், கழித்தல் என்று மாறி மாறி வருகிறதா? பழைய மீக்கடத்திகள் முதல் ரகம். காந்தவழி விளக்கங்கள் இரண்டாம் ரகத்தை, அதாவது டி அலையை எதிர்பார்த்தன.

1994-இல் சுவேயும் கர்ட்லியும் திசை மாறிய மூன்று படிகத் துண்டுகள் சந்திக்கும் அடித்தளத்தின் மேல் செப்பு ஆக்சைடுப் படலத்தை வளர்த்து, அதில் சுமார் 50 மைக்ரோமீட்டர் அகலத்தில் நான்கு வளையங்களைச் செதுக்கினார்கள். ஒன்று மூன்று துண்டுகளும் சந்திக்கும் புள்ளியின் மேல். இரண்டு, இரு துண்டுகள் மட்டும் சந்திக்கும் எல்லைகளின் மேல். இன்னொன்று எல்லையே இல்லாத இடத்தில். டி அலையாக இருந்தால், துண்டுகளின் கோணத்தை வைத்துக் கணக்கிட்டபடி, நடு வளையத்தைச் சுற்றி வரும்போது குறி ஒருமுறை புரள வேண்டும். அதை ஈடுகட்ட வளையத்தில் தானாக ஓர் ஓட்டம் ஓடி, காந்தப்பாயக் குவாண்டத்தில் (மீக்கடத்தி வளையத்தில் வழக்கமாகச் சிக்கும் காந்தப்பாயத்தின் மிகச்சிறு அலகில்) சரிபாதி சிக்கிக்கொள்ளும். நுண்காந்தமானியால் வருடிப் பார்த்தபோது நடு வளையத்தில் மட்டும் அந்தப் பாதி தெரிந்தது.

மற்ற மூன்று வளையங்கள்தான் இந்தச் சோதனையின் உயிர். படலத்தின் குறையோ கருவிக் கோளாறோ காரணம் என்றால் அவற்றிலும் ஏதாவது தெரிந்திருக்க வேண்டும். ஒரே சில்லில், ஒரே நாளில் வளர்ந்த படலத்தில் மூன்றும் சும்மா இருக்க ஒன்று மட்டும் பேசியது. டி அலை வாதம் இத்தகைய சோதனைகளோடு ஏறக்குறைய முடிந்துபோனது. ஆனால் டி அலை என்று தெரிந்ததால் பசை எது என்று தெரிந்துவிடவில்லை, காந்தப் பக்கத்துக்குக் கை ஓங்கியது, அவ்வளவுதான்.

மாதிரியைக் கணினியில் போட்டு விடையை வாங்கிவிடலாமே?

செப்பு ஆக்சைடுகளுக்குப் பலரும் எடுத்துக்கொள்ளும் ஹப்பார்ட் மாதிரி 1963-இல் வந்தது. சதுரக் கட்டங்கள், கட்டத்திலிருந்து பக்கத்துக் கட்டத்துக்குத் தாவும் எலக்ட்ரான்கள், ஒரே கட்டத்தில் இரண்டு அமர்ந்தால் ஓர் ஆற்றல் அபராதம். இதைவிட எளிமையாக எழுத முடியாது. ஒரு கட்டத்துக்கு நான்கு சாத்தியங்கள்: காலி, மேல் ஸ்பின், கீழ் ஸ்பின், இரண்டும். பத்துக்குப் பத்து கட்டத்துக்கு 4¹⁰⁰ நிலைகள், ஒன்றுக்குப் பின் அறுபது பூஜ்யம் போடும் அளவு. சங்கிலி போன்ற ஒற்றைப் பரிமாணத்துக்கு லீபும் வூவும் 1968-இல் துல்லியமான தீர்வு கண்டுவிட்டார்கள். இரு பரிமாணத்துக்கு இன்றும் கிடையாது.

தோராய முறைகள் ஏராளம். கஷ்டம் என்னவென்றால், எலக்ட்ரான்கள் கோடு கோடாக அணிவகுக்கும் நிலைக்கும் மீக்கடத்தும் நிலைக்கும் இடையே உள்ள ஆற்றல் வித்தியாசம் மொத்த ஆற்றலில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. உங்கள் தோராயத்தின் பிழை அதைவிடப் பெரியதாக இருந்தால், விடையைச் சொல்வது மாதிரியா, தோராயமா? வெவ்வேறு குழுக்கள் பல முறைகளை ஒரே கணக்கில் இறக்கி ஒப்பிட்டு 2017-இல் வெளியிட்ட முடிவு, எளிய மாதிரியில் குறிப்பிட்ட ஓர் அளவில் எலக்ட்ரான்களை உருவினால் கோடுகளே ஜெயிக்கின்றன என்றது. குறுக்காகத் தாவும் வழியையும் சேர்த்தால் மீக்கடத்துகை தலைகாட்டுகிறது என்று பின்னர் வந்த கணக்குகள் சொல்கின்றன.

'விசித்திர உலோகம்' என்றால் என்ன?

மீக்கடத்தும் வெப்பநிலைக்கு மேலே செப்பு ஆக்சைடுகளின் மின்தடை, வெப்பநிலையோடு நேர்கோடாக ஏறுகிறது. சிலவற்றில் 1,000 கெல்வின் வரைகூட வளையவில்லை. லாந்தாவ் 1956-இல் தந்த உலோகக் கோட்பாட்டின்படி, எலக்ட்ரான்கள் ஒன்றோடொன்று மோதுவதால் வரும் மின்தடை வெப்பநிலையின் இருமடியாக ஏற வேண்டும்.

இங்கே மோதல்களுக்கு இடைப்பட்ட நேரம், பிளாங்க் மாறிலியையும் வெப்ப ஆற்றலையும் மட்டும் கொண்டு எழுதக்கூடிய நேரத்தை ஒட்டி வருகிறது. அறை வெப்பநிலையில் அது சுமார் 25 ஃபெம்டோ விநாடி. இயற்கை விதித்த வேக வரம்பு இது என்கிறது ஒரு கட்சி. தனித்தனித் துகள் என்ற படமே இங்கு உடைந்துவிட்டது என்று கருந்துளைக் கணிதத்தைக்கூட அழைத்து வருகிறார்கள். எனக்குக் கொஞ்சம் தயக்கம் உண்டு. சாதாரணச் செம்பிலும் அறை வெப்பநிலையில் மோதல் நேரம் ஏறக்குறைய அதே அளவுதான், அங்கே காரணம் வெறும் படிக அதிர்வுகள். எண் ஒத்துவந்தால் காரணமும் ஒன்று என்று ஆகிவிடாது. ஆனால் அதிர்வுகள் உறைந்துபோகும் கடுங்குளிரிலும் சில பொருள்களில் நேர்கோடு தொடர்கிறது, அதை என் தயக்கத்தால் விளக்க முடியாது.

ஒரு வாதம் முழுசாக முடிந்துபோன கதை உண்டா?

உண்டு. திட ஹீலியம். திடமாகவும் இருந்து, அதே நேரத்தில் உராய்வின்றிப் பாயவும் செய்யும் நிலை சாத்தியம் என்று 1969-இல் ஆந்த்ரேயெவும் லிஃப்ஷிட்ஸும், 1970-இல் லெகெட்டும் எழுதினார்கள். மீத்திண்மம் என்று வைத்துக்கொள்வோம்.

2004-இல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் கிம்மும் மோசஸ் சானும் அதைக் கண்டதாக அறிவித்தார்கள். சோதனை இப்படி: ஒரு முறுக்குக் கம்பியின் முனையில் சிறு குப்பி, அதற்குள் அழுத்தத்தில் உறைந்த ஹீலியம். குப்பி இட வலமாக முறுகி ஆடும், ஓர் ஆட்டத்துக்குச் சுமார் ஒரு மில்லி விநாடி. ஹீலியத்தில் ஒரு பகுதி உராய்வற்றுப் போனால் அது குப்பியோடு சுற்றாமல் நின்றுவிடும், சுமை குறைந்து ஆட்டம் வேகமாகும். 0.2 கெல்வினுக்குக் கீழே ஆட்ட நேரம் நானோ விநாடிக் கணக்கில் குறைந்தது. ஹீலியத்தில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு கழன்று நின்றதாகக் கணக்கு சொன்னது. மற்ற ஆய்வகங்களும் செய்து பார்த்தன, அங்கும் தெரிந்தது. குறி நிஜம் என்பதில் யாருக்கும் ஐயமில்லை.

2007-இல் கனடாவின் ஆல்பர்ட்டாவில் டேயும் பீமிஷும் வேறொன்றை அளந்தார்கள். திட ஹீலியத்தை நறுக்குவிசையால் தள்ளிப் பார்த்தார்கள். அதே வெப்பநிலையில், அதே வளைகோட்டில் ஹீலியம் விறைக்கிறது! படிகத்தில் உள்ள ஒழுங்குப் பிசகுகள் சாதாரணமாக நழுவிக்கொண்டிருக்கும். குளிர்ந்ததும் கோடியில் சில அணுக்களாகக் கலந்திருக்கும் ஹீலியம்-3 மாசுகள் அவற்றில் ஒட்டி, ஆணியடித்ததுபோல் நிறுத்திவிடுகின்றன. விறைத்த ஹீலியம் குப்பியையும் விறைப்பாக்கும், விறைத்த குப்பி வேகமாக ஆடும். உராய்வில்லாப் பாய்வு எதுவும் தேவையில்லை.

ஐந்தாண்டு இழுபறிக்குப் பின் 2012-இல் சானே, கிம் என்ற பெயருள்ள வேறொரு சகாவோடு சேர்ந்து, விறைப்பு குறுக்கிடாதபடி குப்பியை மாற்றியமைத்து மறுபடி அளந்தார். குறி காணாமல் போனது. முன்பு கண்டது மீத்திண்மம் அல்ல என்று அவரே வெளியிட்டார். இந்தத் துறையில் நான் அதிகம் மதிக்கும் கட்டுரைகளில் அது ஒன்று. கோட்பாடு வீண்போகவில்லை. 2019-இல் இருமுனைக் காந்த அணுக்களின் குளிர்வாயுவில் மூன்று ஐரோப்பியக் குழுக்கள் மீத்திண்மத்தின் அடையாளங்களைக் கண்டன.

மயோரானா வாதமும் இதே மாதிரியா?

ஆரம்பம் ஒன்றுதான். குறைக்கடத்தி நுண்கம்பியை மீக்கடத்தியோடு ஒட்டினால் முனைகளில் மயோரானா நிலைகள் (தமக்குத் தாமே எதிர்த்துகளாக நடந்துகொள்பவை, குவாண்டம் கணினிக்கு உதவும் என்று நம்பப்படுபவை) தோன்றும், மின்னழுத்தம் பூஜ்யமாகும் இடத்தில் கடத்துதிறனில் ஒரு முகடு தெரியும் என்றது கோட்பாடு. 2012-இல் நெதர்லாந்தின் டெல்ஃப்டில் முகடு தெரிந்தது. கம்பியில் இருக்கும் சிறு குறைகளும் அதே முகட்டைத் தரும் என்று சிலர் எழுதினார்கள். 2018-இல் முகட்டின் உயரம் கோட்பாடு சொன்ன மதிப்பில் சரியாக நிற்பதாக வந்த கட்டுரை, அளவீடுகளில் பொருந்தாதவை விடுபட்டிருந்தது தெரிந்து 2021-இல் திரும்பப் பெறப்பட்டது. குவாண்டம் கணினிக்கான போட்டியும் பணமும் கலந்துவிட்டதால் இங்கே வாதம் ஹீலியம் அளவுக்கு அமைதியாக நடக்கவில்லை.

கோட்பாடும் சோதனையும் நேருக்கு நேர் முரண்படும் இடம் எது?

குவாண்டம் ஹால் விளைவில் 5/2 நிலை, அதாவது வகுக்கும் எண் முழு எண்ணாக இல்லாமல் 5/2 என்ற பின்னமாக வரும் நிலை, 1987-இல் கண்டது. மூன்று கோட்பாட்டு நிலைகள் போட்டியிடுகின்றன. விளிம்பு வழியாக வெப்பம் கடத்தும் அளவை ஒரு குவாண்டம் அலகில் சொன்னால், ஒன்றுக்கு 3.5, இன்னொன்றுக்கு 1.5, மூன்றாவதுக்கு 2.5. கணினிக் கணக்குகள் முதல் இரண்டில் ஏதோ ஒன்று என்கின்றன. 2018-இல் இஸ்ரேலின் வைஸ்மன் நிலையத்தில் அளந்தபோது வந்தது 2.5. கணக்குகள் மாசற்ற படிகத்தை எடுத்துக்கொள்கின்றன, மாசு ஆட்டத்தை மாற்றியிருக்கலாம் என்கிறார்கள் சிலர். விளிம்பு ஓட்டங்கள் முழுதாகச் சமநிலைக்கு வராததால் 1.5 என்று வர வேண்டியது 2.5 என்று தெரிகிறது என்கிறார்கள் வேறு சிலர்.

பலதுகள் முடக்கம் பற்றிய வாதம்?

ஒழுங்கற்ற ஊடகத்தில் ஒற்றை எலக்ட்ரான் பரவாமல் முடங்கிவிடும் என்று 1958-இல் காட்டியதும் ஆண்டர்சன்தான். துகள்கள் ஒன்றோடொன்று மோதும்போதும் அந்த முடக்கம் தப்புமா? தப்பும், அப்படிப்பட்ட பொருள் வெப்பச் சமநிலையையே அடையாது என்று 2006-இல் பாஸ்கோ, அலைனர், அல்ட்ஷூலர் வாதிட்டார்கள். 2019-இல் ஒரு குழு இதைக் கேள்விக்குள்ளாக்கியது: துல்லியமாகக் கணக்கிட முடிவது இருபது ஸ்பின்களைச் சுற்றித்தான், முடக்கம் போலத் தெரிவது மிக மெதுவான பரவலாக இருக்கலாம், ஸ்பின் சங்கிலியின் நீளம் கூடக்கூட முடக்கம் தொடங்கும் எல்லைக்கோடு நகர்ந்துகொண்டே போகிறது. பதில்களும் எதிர்ப்பதில்களும் இன்னும் வந்துகொண்டிருக்கின்றன. மெதுவானதையும் நின்றுபோனதையும் இருபது ஸ்பின்களை வைத்துப் பிரிப்பது எளிதல்ல.

அறை வெப்பநிலை மீக்கடத்தி கிடைத்துவிட்டது என்று அவ்வப்போது வரும் செய்திகளை நம்பலாமா?

ஹைட்ரஜன் செறிந்த சேர்மங்களில் நடந்தது நிஜம். ஹைட்ரஜன் சல்ஃபைடில் 2015-இல் 203 கெல்வின், லாந்தனம் ஹைட்ரைடில் 2019-இல் சுமார் 250 கெல்வின். வளிமண்டல அழுத்தத்தைப்போல் பத்து லட்சம் மடங்குக்கும் மேலே, வைரங்களுக்கு நடுவே நசுக்கினால்தான்.

2023-இல் பரபரப்பான எல்கே-99 வேறு கதை. மாதிரித் துண்டு காந்தத்தின் மேல் பாதி எழும்பி நின்ற காணொளி உலகைச் சுற்றியது. சுமார் 104 செல்சியஸில் மின்தடை சட்டென்று விழுந்தது. விழுந்ததற்குக் காரணம் மாசாகக் கலந்திருந்த செப்பு சல்ஃபைடு, அது அந்த வெப்பநிலையில் படிக அமைப்பு மாறும் பொருள். மாசில்லாத படிகத்தை வளர்த்துப் பார்த்தபோது அது மின்சாரமே கடத்தவில்லை.

செய்தி வந்தால் இரண்டு விஷயம் பாருங்கள். மின்தடை பூஜ்யமா, அல்லது வெறும் சரிவா? அதே துண்டு காந்தப்புலத்தை வெளியே தள்ளுகிறதா? அப்புறம், வேறு ஆய்வகம் தானாகச் செய்துபார்க்கும் வரை கொஞ்சம் பொறுங்கள்.

இவற்றில் எது முதலில் முடியும்?

5/2 என்று நினைக்கிறேன். இரட்டை அடுக்கு கிராஃபீனில் இதன் உறவுக்கார நிலைகள் வலுவாகத் தெரிகின்றன, குறுக்கீட்டுச் சோதனைகளும் அங்கே கைகூடி வருகின்றன. செப்பு ஆக்சைடில் முதலில் ஹப்பார்ட் மாதிரிக்கு எல்லோரும் ஒப்பும் விடை கிடைக்கும். பிறகு அந்த மாதிரி செப்பு ஆக்சைடுக்குத்தான் பொருந்துகிறதா என்று மறுபடி ஆரம்பிப்பார்கள். 2019-இல் கண்ட, முன்பு சொன்ன மின்காப்பியிலிருந்து வேறான நிக்கல் ஆக்சைடு மீக்கடத்திகளை வைத்து அந்தச் சண்டைக்கு இப்போதே ஆள் சேர்ந்துகொண்டிருக்கிறது.